அகராதியும் ஒன்றரை சிப்ட்டும்

"சொல்லில் சந்தேகமா? அகராதியைப் பார், வழக்கு முடிந்தது!" திருப்பூரில் எந்தத் தமிழ் விழா நடந்தாலும் ஒருவராவது மைக் பிடித்து இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிடுகிறார். பல வருடமாகக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அகராதி நடுநிலையானதாம். உண்மைதான், ‘அடி’ என்றால் பாதம், அளவு, உதை, செய்யுள் வரி என்று வரிசையாக வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பொறுக்குவது நம் வேலை.

கோர்ட்டே அகராதியைத்தானே புரட்டுகிறது என்பார்கள். புரட்டும், மூடியும் வைக்கும். வெற்றிலை காய்கறியா, அதற்கு விற்பனை வரி விலக்கு உண்டா என்று ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆங்கில அகராதியை நம்பினால் செடிகொடியில் விளைவதெல்லாம் ‘வெஜிடபிள்’. ஜனங்கள் பேச்சில் எது காய்கறியோ அதுதான் காய்கறி என்று 1961இல் தீர்ப்பானது. வெற்றிலைக்கு வரி நிலைத்தது.

‘சுமங்கலி’யைப் பாருங்கள். அகராதியில் அவள் கணவன் உயிரோடிருக்கும் பெண். நம் பக்கத்து நூற்பாலைகளின் ‘சுமங்கலித் திட்ட’த்தில் சேர்ந்தவர்களோ கல்யாணமே ஆகாத பெண்பிள்ளைகள். மில் ஹாஸ்டலில் அடைந்து மூன்று வருடம் போல வேலை பார்த்தால், கடைசியில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு தொகை.

இதெல்லாம் சில்லறை. ‘சிப்ட்’டுக்கு வருவோம். முறை, வேலை நேரம் என்று எழுதிவிட்டால் தீர்ந்ததா? பனியன் கம்பெனியில் அது கூலியின் அளவு. எட்டு மணி நேரம் ஒரு சிப்ட். 12 மணி நேரம் ஒன்றரை. "இந்த வாரம் ஒம்பது சிப்ட்டுங்க" என்று செக்கிங் அக்கா சொன்னால், ஆறு நாளில் எப்படி ஒன்பது என்று புலவர் விரலை மடக்குவார். அக்காவின் கணக்கு சரி. கோளாறு வேறிடத்தில். ஆறு நாளுக்கு 72 மணி நேரம். வாரத்தில் 48 மணி நேரத்தைத் தாண்டினால் இரட்டிப்புக் கூலி என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். கூடுதலான 24 மணி நேரத்துக்கு மட்டும் ஆறு சிப்ட் கூலி வரவேண்டும்; ஆக மொத்தம் 12. பல கம்பெனிகளில் சனிக்கிழமை கைக்கு வருவது ஒன்பதுக்கு உண்டானதுதான். ‘ஒன்றரை’ என்று சொல்லிப் பழக்கியே ஓவர்டைமை விழுங்கியாயிற்று. இது எந்தப் பக்கத்தில், எத்தனையாவது பொருளாக அச்சாகியிருக்கிறது?

அடுத்த பதிப்பில் சேர்த்துவிட்டால் போச்சு என்பார்கள். தாராளமாக. 1992இல் க்ரியா தற்காலத் தமிழுக்கு அகராதி கொண்டுவந்ததும் புழக்கத்தைப் பார்த்துத்தான். ‘சிப்ட்’டுக்குப் பொருள் கேட்க மட்டும் எங்கே போவதாக உத்தேசம், விழா மேடைக்கா, செக்கிங் டேபிளுக்கா?