பிக்கப் வேணுமா? ஜெட்டை பாரு... பில்டரை பிடுங்காதே!

உத்திரமேரூர் பஜாரில் எந்த மெக்கானிக் கடை வாசலில் நின்றாலும் காதில் விழுவது ஒரே புகார்தான். "வண்டி இழுக்க மாட்டேங்குது. பிக்கப்பே இல்லே!"

புகார் சொல்கிறவர்கள் ரேஸ் விடுகிறவர்கள் அல்ல. வண்டியின் பின்னால் உர மூட்டை இருக்கும். இல்லாவிட்டால் பால் கேன் தொங்கும். ஸ்பிளெண்டர், டி.வி.எஸ். எக்ஸ்.எல்., அப்பா காலத்து புல்லட் என்று எல்லாமே கார்ப்பரேட்டர் வண்டிகள். 2020 ஏப்ரல் 1-ந் தேதி பி.எஸ்.6 விதி வந்தது. அதற்கு பிறகு விற்ற வண்டிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் கம்ப்யூட்டர் கணக்கு பார்த்து பெட்ரோலை பீய்ச்சுகிறது. பழைய வண்டிக்கு அந்த மூளை கிடையாது. அதற்கு மூளை மெக்கானிக்தான்!

கார்ப்பரேட்டர் செய்யும் வேலை சாதாரணம். காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்கு அனுப்புகிறது. ஆக்சிலேட்டரை சடாரென்று முறுக்கினால் காற்று உடனே பாய்ந்து வரும். பெட்ரோல் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். அந்த ஒரு நொடியில் வண்டி "கக்" என்று மூச்சு வாங்கும். லாரியை முந்தும் நேரத்தில் இப்படி ஆனால்? வந்தவாசி ரோட்டில் ஓட்டுகிறவர்களை கேளுங்கள், சொல்வார்கள்.

இதை சரி செய்ய வழி இருக்கிறது. ஐட்லிங்கில் இருந்து கால்வாசி முறுக்கு வரை ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்குரூவும் பொறுப்பு. நடுவில் ஊசி. முழுக்க முறுக்கினால் மெயின் ஜெட். பல வண்டிகளில் ஊசியில் காடி வெட்டி இருக்கும். லாக்கை ஒரு காடி கீழே இறக்கி மாட்டினால் ஊசி மேலே ஏறும், பெட்ரோல் கூடும். அவ்வளவுதான். பிறகு பிளக்கை கழற்றி பார்க்க வேண்டும். செங்கல் பொடி நிறம் என்றால் சரி. வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் பத்தவில்லை, என்ஜின் சூடேறும், பிஸ்டன் பிடிக்கும். கரி அப்பி இருந்தால் பெட்ரோல் அதிகம், பர்ஸ் காலி!

ஆனால் நம்ம வாலிபர்கள் என்ன செய்கிறார்கள்? முதல் வேலையாக ஏர் பில்டரை பிடுங்கி எறிகிறார்கள். அடுத்து சைலன்சரில் கை வைக்கிறார்கள். உறுமல் கூடுகிறது. பிக்கப் கூடிவிட்டதாக நினைப்பு! காற்று கூடி, பெட்ரோல் கூடாததால் மூச்சு வாங்கல்தான் அதிகமாகிறது. உடனே பெரிய ஜெட் போடு என்கிறார்கள். அறுவடை நேரத்தில் நம்ம பக்கத்து ரோட்டில் பறக்கும் தூசி கொஞ்சமா? அது நேராக சிலிண்டருக்குள் போய் சாணை பிடிக்கிறது. சில மாதத்தில் புகை. அப்புறம் ரீபோர். செலவு யார் தலையில்? அப்பா தலையில்!

இவர்களை பிடித்து அபராதம் போடுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. வண்டியை விதிக்கு மாறாக மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், இல்லாவிட்டால் இரண்டுமே என்று 2019 திருத்த சட்டம் சொல்கிறது. கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு முரணாக மாற்றக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் தீர்ப்பு சொல்லிவிட்டது.

ஆனால் ஒரு கேள்வி. பெட்ரோலையே மாற்றினார்களே, அதற்கு யாருக்கு அபராதம்?

இப்போது பங்க்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தமான பெட்ரோல் 1 கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கலவைக்கு சுமார் 13.5 வருகிறது. அதாவது அதே காற்றுக்கு கொஞ்சம் அதிக பெட்ரோல் வேண்டும். புது வண்டியின் கம்ப்யூட்டர் இதை தானே பார்த்து சரி செய்துகொள்ளும். பழைய ஸ்பிளெண்டரில் ஜெட் ஓட்டை அதே ஓட்டைதான்! கலவை இளைத்துப்போகிறது. மூச்சு வாங்குகிறது. இரு சக்கர வண்டிக்கு 3 முதல் 4 சதவீதம் வரை மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக் குழுவே 2021-ல் எழுதி வைத்தது. இது போதாது என்று எத்தனால் ஈரத்தை இழுக்கும். நாள் கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய வண்டியில் டேங்க் துரு, கார்ப்பரேட்டருக்குள் பிசுக்கு எல்லாம் வரும்.

ஆக, உர மூட்டை ஏற்றுகிற விவசாயி ஒரு சைஸ் பெரிய ஜெட் போடுவது ஆசைக்கு அல்ல, அவசியத்துக்கு. பில்டரை பிடுங்கி ஊரை அலற வைக்கிற பையனும் இவரும் ஒன்றா? வண்டியின் அடிப்படை அம்சம் மாறினால்தான் அது "மாற்றம்" என்று மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவே சொல்கிறது. பித்தளை ஜெட் ஒன்று, அதுவும் பட்டாணி சைஸ்! இதில் என்ன அடிப்படை மாறிவிடும்?

வண்டி கம்பெனிகள் ஒன்று செய்யலாம். எந்த மாடலுக்கு, இந்த பெட்ரோலில் எந்த நம்பர் ஜெட், ஊசி எத்தனாவது காடி என்று தமிழில் பட்டியல் போட வேண்டும். இந்த ஊருக்கு கம்பெனிகள் ஒன்றும் தூரம் இல்லை. ஒரகடத்தில் 2013-ல் இருந்து புல்லட் கம்பெனி ஓடுகிறது. பக்கத்து மறைமலைநகரில் ஜப்பான் மிக்குனி கூட்டோடு கார்ப்பரேட்டரே செய்தார்கள். தெரியாத வேலையா?

வைகுண்டப்பெருமாள் கோயிலுக்கு போய் பாருங்கள். பராந்தக சோழன் காலத்தில், 921-ல், குடவோலைக்கு யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்று பட்டியல் போட்டு சுவரிலேயே வெட்டி வைத்தார்கள். ஆயிரம் வருஷம் தாண்டியும் படிக்க முடிகிறது. ஒரு ஜெட் பட்டியலை பேப்பரில் அச்சடித்து பங்க் சுவரில் ஒட்ட முடியாதா?

புகை பரிசோதனை நிலையங்களும் ரசீது கிழித்து கொடுப்பதோடு நின்றுவிடுகின்றன. கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று காட்டும் மெஷின் அங்கேதானே இருக்கிறது! மெக்கானிக்கை பக்கத்தில் நிறுத்தி, மெஷினை பார்த்தபடியே ஏர் ஸ்குரூவை திருப்பினால் ஐட்லிங் நிற்கும். புகையும் குறையும். மாதம் ஒரு சந்தை நாளில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் இப்படி ஒரு முகாம் போடட்டும். எத்தனை வண்டி வரிசையில் நிற்கிறது என்று அவர்களே எண்ணிக்கொள்ளலாம்.