கித்னா எச்.ஆர்.சி. ஆயா?

புனேயில் ஃபோர்ஜிங் கம்பெனிகளுக்கு நடுவே ஒரு டெஸ்டிங் லேப்பில் வேலை எனக்கு. ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது காதில் விழும் கேள்விதான் தலைப்பில் இருப்பது. "எச்.ஆர்.சி. எவ்வளவு வந்தது?" நம்பர் டிராயிங்கில் உள்ள அளவுக்குள் இருந்தால் போதும், லாரி கிளம்பிவிடும். இந்தப் பழக்கம் சரியில்லை என்பது என் கட்சி.

ராக்வெல் டெஸ்ட் என்ன செய்கிறது? 120 டிகிரி வைரக் கூம்பை முதலில் 10 கிலோ, பிறகு மொத்தம் 150 கிலோ பாரத்தில் அழுத்தி, எவ்வளவு ஆழம் கூடுதலாக இறங்கியது என்று பார்க்கிறது. ஒரு நிமிஷ வேலை, பொருளும் வீணாகாது. எஃகில் கடினத்தன்மையை வைத்தே இழுவிசை வலிமையையும் உத்தேசமாகச் சொல்லிவிடலாம் (பிரினெல் எண்ணை 3.45ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட மெகாபாஸ்கல்). எல்லோருக்கும் இதன் மேல் இவ்வளவு காதல் வந்தது சும்மா இல்லை :-)

ஆனால், மெதுவாக அழுத்தினால் எவ்வளவு குழி விழும் என்பது வேறு. திடீரென்று அடி விழுந்தால் உடையுமா என்பது வேறு. கண்ணாடியும் கடினம்தானே...

நிக்கல்-குரோமியம் எஃகையே எடுத்துக்கொள்ளுங்கள். டெம்பரிங் முடிந்து 575-லிருந்து 375 டிகிரி வரை மெதுவாக ஆறவிட்டால், உள்ளே இருக்கும் பாஸ்பரஸ், வெள்ளீயம் போன்ற அசுத்தங்கள் உலோக மணிகளின் எல்லையில் போய் ஒதுங்கும். ராக்வெல் எண் அப்படியே இருக்கும். அடி தாங்கும் சக்தி மட்டும் போய்விடும். சார்பி டெஸ்டில்தான் குட்டு வெளிப்படும்: 10 மி.மீ. சதுரம், 55 மி.மீ. நீளத் துண்டு, நடுவில் 2 மி.மீ. 'வி' வெட்டு, ஊசல் சுத்தியலால் ஒரே அடி. சாக்பீஸ் மாதிரி முறியும். இத்தனைக்கும் 600 டிகிரிக்கு மேல் மறுபடி சூடாக்கி வேகமாக ஆறவைத்தால் தீர்ந்துபோகும் கோளாறு இது! கண்டுபிடித்தால்தானே தீர்க்க?

"சார்பி என்றால் செலவு, தாமதம்" என்பார்கள் பர்ச்சேஸ்காரர்கள். உண்மைதான். ஒரு பீஸை அறுத்துப் பலி கொடுக்க வேண்டும், மெஷினிங் வேறு. எல்லா பீஸுக்கும் கேட்கவில்லையே, ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் லாட்டுக்கு மூன்று துண்டுதானே கேட்கிறேன்?

அப்படி ஒரு ஷாஃப்ட் பூட்டிய வண்டி கண்டாலா மலைப்பாதையில் இறங்கும்போது, உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் நம் சர்டிபிகேட்டைப் படித்துவிட்டு ஏறியவர்கள் இல்லை. அவர்களுக்காகக் கேட்க வேண்டியது நாம்தான். இதே துறையில் இருக்கும் நண்பர்கள், நாளைக்கு உங்கள் டிராயிங்கை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். கடினத்தன்மைக்குப் பக்கத்தில் சார்பி ஜூல் கணக்கும் இருக்கிறதா?