55 வார்த்தையில் அப்பா

எங்கள் வாட்ஸ்அப் கதைக் குழுவில் போன வாரத் தலைப்பு, 'அப்பா'. 55 வார்த்தையைத் தாண்டக் கூடாது. 1987-ல் கலிஃபோர்னியாவின் 'நியூ டைம்ஸ்' வார இதழில் ஸ்டீவ் மாஸ் ஆரம்பித்த போட்டியின் கணக்கு அது.

நான் எழுதியது 130 வார்த்தை. மூன்று வருடமாக அப்பாவோடு பேசாததற்கான காரணங்களே 80 வந்துவிட்டன!

"காரணத்தை எடுத்துடு தம்பி. பஸ் ஸ்டாண்டை மட்டும் வை" என்றார் குழுவில் ஓர் அக்கா.

எடுத்தேன். நான் சென்னை பஸ் ஏறிய ராத்திரி, ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டில் நீட்டிய அப்பா மட்டும் மிஞ்சினார். எண்ணிப் பார்த்தேன், 50.

கதையைக் குழுவில் போட்டுவிட்டு அவருக்கு போன் செய்தேன்.

"சாப்டியா?" என்றார்.

நீங்களும் எழுதிப் பாருங்கள். முதலில் மனசில் உள்ளதையெல்லாம் கொட்டுங்கள், அப்புறம் வெட்டலாம்.