ஆற்றை மறக்காத மீன்



சென்ற கிழமை எங்கள் வீட்டில் மத்தியானச் சோற்றுக்கு டின் மீன் கறி. என் இளைய மகள் வெறும் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு, "வாப்பா, இந்தச் செமன் எந்த ஆற்றில் பிடித்தது?" என்று கேட்டாள். பாடசாலையில் ஏதோ படித்திருக்கிறாள். "மகள், பெயர்தான் செமன். நாம் கடையில் வாங்கும் டின்னில் இருப்பது பெரும்பாலும் கும்பளா போன்ற கடல் மீன்" என்றேன். அப்படியானால் உண்மையான செமன் எங்கே என்று விடாமல் கேட்டாள். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

உண்மையான செமனை சல்மன் என்பார்கள். குளிர் நாட்டு ஆறுகளில் பிறக்கும் மீன் அது. குஞ்சு வளர்ந்ததும் ஆற்றோடு இறங்கிக் கடலுக்குப் போகிறது. சில வருடங்கள் கடலில் வாழ்ந்து பருத்த பின், முட்டையிடுவதற்காகத் தான் பிறந்த அதே ஆற்றைத் தேடி வருகிறது. ஆற்றுக்குள் நுழைந்ததும் இரை எடுப்பதை நிறுத்திவிடும். உடம்பில் சேர்த்த கொழுப்பை எரித்தே நீரோட்டத்தை எதிர்த்து ஏறும். தாய் மீன் வாலால் சரளைக் கற்களை அடித்துக் குழி பறித்து, ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டுக் கற்களால் மூடும். பசிபிக் கடற்பக்கத்துச் சல்மன்கள் அதன் பிறகு இறந்து விடுகின்றன. தாய் தன் குஞ்சின் முகத்தைக் காண்பதேயில்லை.

இத்தனை ஆறுகள் இருக்க, தன் ஆற்றை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? வாசனையால்தான். 1950களில் ஆர்தர் ஹாஸ்லர் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவரோடு வேலை செய்தவர்களும், திரும்பி வந்த சல்மன்கள் சிலவற்றின் மூக்கை அடைத்து மீண்டும் ஆற்றில் விட்டுப் பார்த்தார்கள். மூக்கு அடைபட்டவை வழி தடுமாறின. மற்றவை தமது ஓடையைச் சரியாகக் கண்டுகொண்டன. குஞ்சாக இருந்தபோது நுகர்ந்த தண்ணீரின் மணம் அதற்கு மறப்பதில்லை.

சரி, வழி தெரிந்து வந்த மீனுக்கு முன்னால் ஒரு சுவர் நின்றால்?

ஐக்கிய அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் எல்வா என்றோர் ஆறு இருக்கிறது. நூறு இறாத்தல் எடையுள்ள சினூக் சல்மன்கள் அதில் ஏறியதாகச் சொல்வார்கள். கிளாலம் என்னும் பூர்வீகக் குடிகளுக்கு அந்த மீன்தான் உணவு, அதுதான் சீவியம். 1913 இல் மின்சாரத்துக்காக ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து 8 கிலோ மீற்றர் தூரத்தில் ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. 1927 இல் அதற்கு மேலே இன்னொன்று. நூறு கிலோ மீற்றருக்கு மேற்பட்ட ஆற்றுவழி மீனுக்கு அடைபட்டுப் போனது.

சட்டம் இல்லாமல் போகவில்லை. அணை கட்டினால் மீனுக்கு வழி விட வேண்டும் என்று 1890 இலேயே அந்த மாநிலத்தில் சட்டம் இருந்தது. மீன் தாவித் தாவி ஏறப் படிபடியாகத் தண்ணீர்த் தொட்டிகள் அமைத்திருக்கலாம். அதைச் செய்யாமல், பதிலாக மீன்குஞ்சு பொரிக்கும் நிலையம் ஒன்றைக் கட்டினால் போதும் என்று அதிகாரிகள் விட்டுக்கொடுத்தார்கள். அந்த நிலையமும் 1922 இல் கைவிடப்பட்டது. வாசலை அடைத்துவிட்டு, வாசலுக்குப் பதிலாக ஒரு தட்டுச் சோறு தருகிறேன் என்பது போன்ற பேச்சு இது. கடைசியில் சோறும் இல்லை.

கிளாலம் மக்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் வாதாடி, 1992 இல் அமெரிக்க காங்கிரஸ் சபை சட்டம் இயற்றியது. பிறகும் பத்தொன்பது வருடம் காத்திருக்க நேர்ந்தது. 2011 செப்டெம்பரில் உடைக்கத் தொடங்கி, 2014 ஒகஸ்டில் கடைசித் துண்டையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அணைகளுக்குப் பின்னால் ஏறக்குறைய 2 கோடி கன மீற்றர் மண்ணும் சரளையும் தேங்கிக் கிடந்தன. அதில் பெரும்பகுதி இறங்கி வந்து, தேய்ந்து போயிருந்த முகத்துவாரத்தில் புதிய கடற்கரையே உண்டானது. கீழணை இருந்த இடத்தைத் தாண்டி 2012 இலேயே சினூக் ஏறிவிட்டது. மேலணை இருந்த இடத்தில் பெரும் பாறைகள் விழுந்து வழியை மறித்ததால், அவற்றையும் உடைக்க வேண்டியிருந்தது.

எல்லாவற்றிலும் என்னை வியக்க வைத்தது வானவில் டிரவுட் என்ற மீனின் செய்தி. சல்மனுக்கு இது சொந்தக்கார மீன். கடலுக்குப் போய்த் திரும்பும் இனம் ஒன்று அணைகளுக்கு மேலே அடைபட்டு, தலைமுறை தலைமுறையாக ஆற்று மீனாகவே வாழ்ந்திருந்தது. கடலையே காணாத அந்த மீன்களின் சந்ததி, சுவர் விழுந்ததும் கடலுக்குப் போய், பருத்துத் திரும்பி வந்தது. சுப்ஹானல்லாஹ்! நூறு வருடமாக அடைத்து வைத்தும் அந்தப் பழக்கம் இரத்தத்தில் இருந்து போகவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அணை போன பின் முதல் வருடங்களில் திரும்பிய சினூக்கில் பெரும்பகுதி பொரிப்பு நிலையத்தில் வளர்ந்தவையே. ஆற்றிலேயே பிறந்த மீன் பெருகுவதற்குக் காலம் வேண்டும். ஆனாலும் இந்த அனுபவம் மற்றவர்களுக்குத் துணிவு கொடுத்தது. கலிபோர்னியாவிலும் ஒரிகனிலும் ஓடும் கிளமத் ஆற்றில் 2002 இல் பல்லாயிரம் சல்மன்கள் செத்து மிதந்தன. தண்ணீர் குறைந்து, சூடேறி, நோய் பரவியதுதான் காரணம். அங்கே இருந்த அணைகளில் நான்கு 2024 இல் அகற்றி முடிக்கப்பட்டன. அதே வருடம் ஒக்டோபரில், நூறு வருடத்துக்கு மேல் சல்மனைக் காணாத ஒரிகன் ஓடையொன்றில் சினூக் வந்து சேர்ந்தது.

எல்வாவில் மீன் பெருகட்டும் என்று 2011 தொடக்கம் கிளாலம் மக்கள் தங்கள் சொந்த ஆற்றிலேயே தூண்டில் போடாமல் இருந்தார்கள். 2023 இல்தான், வீட்டுத் தேவைக்கும் சடங்குக்கும் மட்டும், ஒரு குறிப்பிட்ட அளவு கோஹோ சல்மனைப் பிடித்துக்கொண்டார்கள். அணை உடைக்கத் தொடங்கிய வருடம் பிறந்த பிள்ளைக்கு அப்போது பன்னிரண்டு வயது. தன் ஆற்று மீனை அது அன்றுதான் முதன்முதலாகத் தன் உம்மாவின் கையால் சாப்பிட்டிருக்கும்.