நான்கு உடல்கள், ஒரே கஷாயம்

சியோல் நகரத்து மரபு மருத்துவமனைகளில் எடை குறைக்கும் மூலிகைக் கஷாயம் வேளைக்கு ஒரு பையாக அடைக்கப்பட்டு மாதக்கணக்கில் விற்பனையாகிறது. 'டயட் ஹன்யாக்' என்பது அதன் பெயர். விற்பவர்கள் இதை மரபு என்கிறார்கள். எந்த மரபு?

லீ ஜே-மா 1894இல் எழுதிமுடித்த 'தோங்உயி சூசெபோவோன்' மனித உடல்களை நான்காக வகுத்தது: தையாங், தையூம், சோயாங், சோயூம். ஓர் உடலுக்கு ஏற்றது இன்னோர் உடலுக்குக் கேடாகலாம் என்பதே இந்த வகைப்பாட்டின் உயிர். இடுப்பு திரண்டு, சதைப்பிடிப்போடு இருப்பது தையூம் உடல். 10,000 பேர் வாழும் ஊரில் 5,000 பேர் இந்த வகை என்று அவர் கணக்கிட்டார். திரண்ட இடுப்பு அவருக்குப் பாதி ஊரின் இயல்பு. நன்றாக வியர்த்தால் அந்த உடல் நலமாக இருக்கிறது என்றார். எத்தனை கிலோ என்று கேட்கவில்லை.

கிலோ கேட்பது இன்றைய சந்தை. நான்கு உடல்களுக்கும் மெலிந்த ஓர் உடலையே அது இலக்காக வைக்கிறது. அதன் முதன்மைச் சரக்கு எபிட்ரா என்னும் மாஹ்வாங். பழைய மருத்துவம் அதைக் குளிர்க்காய்ச்சலுக்கும் இளைப்புக்கும் தந்தது. இளைப்புக்கான மருந்து இன்று இளைப்பதற்கான மருந்தாகிவிட்டது! அதிலுள்ள எபெட்ரின் பசியை அடக்கும். கூடவே நெஞ்சு படபடக்கும், தூக்கம் கெடும், இரத்த அழுத்தம் ஏறும். எபிட்ரா கலந்த ஊட்டத் துணைப்பொருட்களை அமெரிக்கா 2004இல் தடை செய்தது. 'இயற்கையானது' என்று வாதாடுபவர்களே, செடியில் விளைந்த எபெட்ரின் இதயத்துக்குச் சலுகை தருவதில்லை.

நாடி பார்த்துத்தானே தருகிறோம் என்பார்கள். பார்க்கட்டும். பார்த்தபின், "உங்களுக்கு எடை குறைய வேண்டியதில்லை, போய்ச் சாப்பிடுங்கள்" என்று எத்தனை பெண்களைத் திருப்பி அனுப்பினார்கள்?

கொரியாவில் உடல் பருமன் ஆண்களிடமே அதிகம். ஆனால் இளைக்கச் சொல்லி நெருக்கப்படுவது பெண்கள். நோயின் கணக்கு இப்படி இருக்காது. இது ஆண் பார்வையின் கணக்கு. 2018இல் 'கோர்செட்டைக் கழற்று' என்று எழுந்த கொரியப் பெண்கள் ஒப்பனைப் பொருட்களை உடைத்தெறிந்தார்கள், கூந்தலை வெட்டிக்கொண்டார்கள். மேலே கட்டிய கச்சையைக் கழற்றிவிடலாம். குடித்து உள்ளே இறக்கிய கச்சையை எப்படிக் கழற்றுவது?

நீரிழிவோ மூட்டுவலியோ வந்தவரிடம் எடை பற்றிப் பேசுவது மருத்துவம். நலமாக இருப்பவளின் பசியைப் பிடுங்குவது வணிகம். மரபின் பெயரைச் சொல்பவர்கள் அதை முழுதாகச் சொல்லட்டும்: தையூம் பெண் தையூம் பெண்ணாகவே நலமாக வாழலாம். அதைச் சொல்லத் துணிவில்லாதவர்கள் பலகையிலிருந்து லீ ஜே-மாவின் பெயரை இறக்கிவிட்டுக் கடை நடத்தட்டும்.