ஐடா வெல்ஸை ‘லைக்’ செய்யும் தோழர்களுக்கு

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் எல்லோரும் ‘ஒயிட் டவுன்’ மஞ்சள் சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். வெள்ளையர் நகரம் என்று ஒன்று இருந்தால் கறுப்பர் நகரம் என்றும் ஒன்று இருந்திருக்குமே என்று கேட்பவர் குறைவு. இருந்தது, வாய்க்காலுக்கு மேற்கே. அதற்குள்ளும் சாதிக்கொரு தெரு. சேரி அதற்கும் வெளியே.

1745இல் இந்த ஊர் சம்பா கோயிலுக்குள் பறையர் கிறித்தவர்களைத் தனியே உட்காரவைக்க ஒரு சுவர் இருந்தது. அவர்கள் பாதிரியாரிடம் போய் நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்கள் கொதித்தார்கள். இந்தச் செய்தி நமக்குக் கிடைப்பது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து. எழுதியது துபாஷியின் கை. சுவரை இடிக்கவைத்தவர்களின் கை அல்ல.

அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த ஐடா பி. வெல்ஸ் தன் சுவரைத் தானே எழுதினார். பெண்கள் பெட்டிக்குச் சீட்டு வாங்கியும் ரயிலிலிருந்து வெளியே தள்ளப்பட்டார். வழக்குப் போட்டு 1884இல் 500 டாலர் இழப்பீடு வென்றார். 1887இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 1892இல் மெம்பிஸ் நகரில் மளிகைக் கடை நடத்திய அவருடைய நண்பர் உட்பட மூன்று கறுப்பர்களை வெள்ளைக் கும்பல் கொன்றது. ‘எங்கள் பெண்களைக் காக்கவே கொல்கிறோம்’ என்பதுதான் இப்படிப்பட்ட கொலைகளுக்கு வெள்ளையர்கள் சொல்லிவந்த காரணம். வெல்ஸ் வெள்ளையர் பத்திரிகைகளே வெளியிட்ட கணக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் மீது அப்படியொரு குற்றச்சாட்டே இல்லை. பல இடங்களில் இருந்தது இருவரும் விரும்பிய உறவு. இதை அச்சிட்டதும் அவருடைய பத்திரிகை அலுவலகம் அடித்து நொறுக்கப்பட்டது. ஊர் திரும்பினால் உயிர் இல்லை என்ற நிலை.

‘எங்கள் பெண்களை’ என்ற சொல்லை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இங்கே அதன் பெயர் ‘நாடகக் காதல்’. 2003இல் பக்கத்துக் கடலூர் மாவட்டத்தில் கண்ணகியும் முருகேசனும் நஞ்சு புகட்டிக் கொல்லப்பட்டார்கள். காவல்துறையோ முருகேசனின் சொந்தக்காரர்களையே குற்றவாளிகளாகச் சேர்த்தது. தீர்ப்பு வர 2021 ஆனது. தண்டிக்கப்பட்டவர்களில் காவல் அதிகாரிகளும் உண்டு. இன்னமும் ஆணவக் கொலையைக் ‘காதல் விவகாரம்’ என்று தலைப்பிடும் செய்திகள் வருகின்றன. அந்தத் தலைப்பை எழுதும் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

மாங் சாதியில் பிறந்த 14 வயது முக்தா சால்வே, மாங், மகர் மக்களின் துயரத்தைப் பற்றி மராத்தி ‘ஞானோதயா’ இதழில் 1855லேயே எழுதிவிட்டார். வெல்ஸ் பிறக்க இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தன. தமிழிலும் சுவப்பனேசுவரி அம்மாள் ‘தமிழ்மாது’ என்ற இதழையே நடத்தினார். பாடப்புத்தகத்தில் இவர்களை நான் படித்ததில்லை. நீங்கள்?

2019இல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் சேர்ந்து இந்தி, ஆங்கில ஊடகங்களின் 121 தலைமைப் பொறுப்புகளை எண்ணின. 106 உயர்சாதியினர் கையில். பட்டியலினத்தவர், பழங்குடியினர்: பூச்சியம். தமிழ் நாளேடுகளும் தங்கள் கணக்கைத் தாங்களே வெளியிடட்டுமே.

‘தகுதியானவர் கிடைக்கவில்லை’ என்பார்கள். உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூடில் தலித் பெண்கள் முன்னின்று 2002இல் தொடங்கிய ‘கபர் லஹரியா’ இன்றும் நடக்கிறது. செய்தி சேகரிப்பது, எழுதுவது, படம் பிடிப்பது எல்லாம் அவர்கள்தான். சித்ரகூடில் கிடைத்தவர்கள் சென்னையிலும் புதுச்சேரியிலும் கிடைக்காமல் போனது எப்படி என்று ஆசிரியர்கள்தான் சொல்ல வேண்டும்.