'காலனிப் பிள்ளை அப்படித்தான்' என்றால்…

மூன்று வயதாகியும் பேசாத பிள்ளையைக் காட்டினால், "காலனிப் பிள்ளைங்க அப்படித்தான், போகப் போகச் சரியாகிடும்" என்கிறார்கள். ஊர்த்தெருப் பிள்ளைக்கும் இதே பதிலா? அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக 2025-ல் முதல்வர் அறிவித்தார். வாய்ப்பேச்சில் அது அப்படியே இருக்கிறது. நாமும் சும்மா இல்லை. "அவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்" என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

கூப்பிட்டால் திரும்பாத, 2 வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளைக்கு முதலில் காதைச் சோதிக்க வேண்டும். காது கேளாமைதான் காரணம் என்றால், முதலமைச்சர் காப்பீட்டில் காக்ளியர் கருவி பொருத்த 6 வயதுக்குள் போயாக வேண்டும்.

பள்ளி சிறார் நலனுக்கான நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு 2 முறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். சந்தேகம் இருந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குச் சீட்டு எழுதித் தர வேண்டும். பேச்சுப் பயிற்சி அங்கே இலவசம். ஆனால் குழு வரும் நாளில் தாய் கூலி வேலையில், பிள்ளை பாட்டியோடு வீட்டில். பிறகு "தாய்மார்கள் ஒத்துழைப்பதில்லை" என்று எழுதுகிறார்கள். போய்வந்தால் ஒரு நாள் கூலி போகுமே, அதை யார் எழுதுவது?

குழு வரும் தேதியை ஒரு வாரம் முன்பே அங்கன்வாடிச் சுவரில் எழுதிப்போடும்படி மாவட்ட நிர்வாகத்தைக் கேட்கிறோம். நம் தெருவில் படிக்கிற பிள்ளைகள் அந்தத் தேதியை வீடு வீடாகச் சொல்லட்டும்.